வகைக்கு ஒரு காசு

சித்தேரி மலையிலிருந்து சந்தைக்கு இறங்கி வந்த ஒரு பெண் எங்கள் கடையில் உப்பும் மிளகாயும் வாங்கிவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து உள்ளங்கையை நீட்டினாள். கையில் இரண்டு ஓரணாக் காசுகள். ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள்.

"வெள்ள ஓரணா ஒண்ணு, மஞ்ச ஓரணா ஒண்ணுங்க. மஞ்ச ஆவாதுன்னா இப்பவே சொல்லிப்புடுங்க. மறுக்காவும் மலையேறி எறங்க என்னால முடியாது."

ஆகும் என்று சொல்லி அப்பா இரண்டையும் வாங்கி என்னிடம் கொடுத்தார். நான் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் சாக்கின் மேல் உட்கார்ந்து பொட்டலத்துக்குக் காகிதம் கிழித்துக்கொண்டிருந்தேன். ஓரணாக் குழியில் போடப் போன கை அப்படியே நின்றது. இரண்டிலும் அதே ராஜா, அதே அளவு, ஓரத்தில் அதே பூவிதழ் வளைவு. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எது எதென்று சொல்ல முடியாது. அப்படியானால் இது ஒரு காசா, இரண்டு காசா? எழுத்தே தெரியாத அந்த அம்மாள் இரண்டுக்கும் தனித்தனியாகப் பேர் சொன்னாளே, வருஷத்தைப் படித்துப் பார்த்தா சொன்னாள்?

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு அது தோன்றியது. எல்லா வருஷத்துக் காசும் எதற்கு? வகைக்கு ஒன்று போதும். வகைக்கு ஒன்றாக எடுத்து ஓர் ஆல்பத்தில் பதித்துவிட்டால், இந்த ஊரில் புழங்குகிற அத்தனை காசும் நாலைந்து அட்டையில் அடங்கிவிடும்.

"ஏய், இதைக் கேளேன்" என்று திரும்பினேன். சாக்கில் எனக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. ஏழெட்டு மாதமாகவே அது காலிதான். என் கழுத்துக்குத்தான் இன்னும் பழக்கம் விடவில்லை.

மொரப்பூரில் எட்டாவது தேறிய பெண்கள் அப்போது இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தாள். அவள் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். என்னோடு பேசுவது தமிழ்தான் என்றாலும் கூப்பிடும்போது மட்டும் "ஏனே" என்பாள். பரீட்சை முடிந்த மறுநாளிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் வேலை இல்லை. படித்த படிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யாரும் சொல்லவும் இல்லை. அதனால் காசு சேர்த்தோம். ஒரு பிஸ்கட் டப்பா. கடையில் வருகிற காலணாக்களை வருஷம் பார்த்துப் பொறுக்குவோம். வருஷத்துக்குக் கீழே ஒரு சின்னப் புள்ளி இருந்தால் ஒரு பக்கம், இல்லாவிட்டால் மறுபக்கம். அது காசு அடித்த ஊரின் அடையாளம் என்று எங்களுக்கு ரொம்ப நாள் தெரியவில்லை. தெரியாமலே அதற்காக அடித்துக்கொண்டோம்.

பிறகு உலகச் சண்டையால் சில்லறைத் தட்டுப்பாடு வந்தது. வருகிறவர்களெல்லாம் ரூபாய் நோட்டை நீட்டினார்கள். மீதி கொடுக்கக் காலணா கிடையாது. அப்பா வெல்லக்கட்டியையும் ஊறுகாய் எலுமிச்சையையும் மீதிக்குப் பதிலாகக் கொடுத்துப் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் டப்பாவை எடுத்துக் கல்லாவில் கவிழ்த்துவிட்டார். அது சரிதான், அவரைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் மறுபடியும் சேர்த்தோம். அவர் மறுபடியும் கவிழ்த்தார். மூன்றாவது தடவை என் சிநேகிதி டப்பாவின் அடியைத் தட்டிப் பார்த்து, "இதுல எது போட்டாலும் நிக்காது ஏனே" என்றாள்.

தை மாதம் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை வீடு பெங்களூர்ப் பக்கம். ஸ்டேஷனில் வண்டி வந்து நின்ற பிறகு, சாமான் ஏற்றுகிற அவசரத்துக்கு நடுவே அவள் என் கையில் ஒரு முழு ரூபாயைத் திணித்தாள். தாடி ராஜா ரூபாய். போன ராஜாவின் தலை போட்ட வெள்ளி ரூபாய்க்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர்.

"டப்பாவுல வச்சுக்க. இது இருக்கும்" என்றாள்.

அதற்குமேல் பேச வண்டி விடவில்லை. மாசிக் கடைசியில் அவளிடமிருந்து ஒரு கார்டு வந்தது. வீட்டில் எட்டுப் பேர், தண்ணீர்க் குழாய் பக்கத்திலேயே இருக்கிறது, எல்லாரும் நலம் என்று எழுதியிருந்தாள். நான் மூன்று கார்டு போட்டேன். பதில் இல்லை.

ஆகவே, வகைக்கு ஒன்று என்று தோன்றிய அன்று அதைச் சொல்ல எனக்கு ஆள் கிடையாது. அப்பாவிடம்தான் சொன்னேன். அவர் தராசைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"வகைக்கு ஒண்ணுதானே? அதுக்கு மேல கேக்க மாட்டியே?"

"மாட்டேன்."

"எடுத்துக்க. ஒண்ணு போனா கடை ஒண்ணும் சாஞ்சிடாது."

தட்டுப்பாட்டில் தப்பிப் பிழைக்கக்கூடிய சேகரம் இது ஒன்றுதான் என்று அப்போது புரிந்தது. வருஷத்துக்கு ஒன்று என்றால் பேராசை. வகைக்கு ஒன்று என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

ஆனால் வகை என்றால் என்ன? இரண்டு வாரம் அதிலேயே ஓடியது. முதலில் ராஜாவுக்கு ஒரு பக்கம் என்று நினைத்தேன். ராணிக்கு ஒரு அட்டை, தலையில் கிரீடமில்லாத மொட்டை ராஜாவுக்கு ஒன்று, தாடி ராஜாவுக்கு ஒன்று, இப்போதைய ராஜாவுக்கு ஒன்று. கோடு போட்டுப் பார்த்தால் கடைசி அட்டையில் இடம் போதவில்லை. முதல் இரண்டு அட்டையும் வெறிச்சென்று இருந்தன. காலி வீட்டைப் பெருக்குகிற மாதிரி இருந்தது. அழித்துவிட்டு மதிப்புப்படி போட்டேன். மேலே தம்பிடி, அடுத்து காலணா, அரையணா, ஓரணா, இரண்டணா, நாலணா, எட்டணா, கடைசி வரிசையில் ரூபாய். வரிசைக்குக் குறுக்கே ராஜாக்கள். இது பள்ளிக்கூட வாய்ப்பாடு மாதிரி அழகாக நின்றது. உடனே அந்த மஞ்சள் ஓரணா வந்து கட்டத்தை உடைத்தது. ஒரே ராஜா, ஒரே மதிப்பு, ஒரே கட்டத்துக்குள் இரண்டு காசு. அதற்குள் நடுவில் பெரிய ஓட்டை போட்ட காலணாவும் புதிதாக வர ஆரம்பித்தது. அதில் ராஜாவின் தலையே இல்லை, கிரீடம் மட்டும்தான். அதை எந்த வரிசையில் வைப்பது?

நிறம் மாறினால் வகை மாறுமா? தேய்ந்த செப்புக் காசும் புதுச் செப்புக் காசும் நிறத்தில் வேறுதான். அவை ஒரே வகை இல்லையா? புள்ளி இருப்பதும் இல்லாததும் வேறு வகையா? ஒருநாள் ஆம் என்றேன், மறுநாள் இல்லை என்றேன். இரண்டு பக்கமும் நானே பேசிப் பார்த்தேன். அவள் இருந்தால் எதிர்ப்பக்கத்தை விடாமல் பிடித்துக்கொள்வாள், நான் ஜெயிக்க வேண்டியிருக்கும். எதிரே யாரும் இல்லாத வாதத்தில் ஜெயிப்பது சுலபம்தான். ஆனால் ஜெயித்த பிறகும் நான் நினைத்தது சரி என்று நம்பிக்கை வரவில்லை.

கடைசியில் மலைக்காரப் பெண்ணையே நினைத்துக்கொண்டேன். அவள் படித்தவள் இல்லை, ஆனால் வகை பிரித்துவிட்டாளே. அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் வாயைக் கவனிக்க ஆரம்பித்தேன். "ஓட்டக் காலணா குடுக்காதீங்க, கொழந்த விரல்ல மாட்டிக்கும்" என்பார்கள். "சதுர ரெண்டணா", "சின்ன வெள்ளி" என்பார்கள். புள்ளி வைத்த காலணா என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நான் ஒரு நோட்டில் எழுதினேன்: சந்தையில் தனிப் பேர் இருந்தால் அது தனி வகை. பேர் இல்லாவிட்டால் வகை இல்லை. இதுதான் என் சட்டம். எந்தப் புத்தகத்திலும் இப்படி இருக்காது என்று தெரியும். மொரப்பூர்ச் சந்தைக்கு இது போதும்.

அடுத்து ஆல்பம் செய்கிற வேலை. முதல் அட்டையில் புளியங்கொட்டைப் பசை காய்ச்சிக் காசுகளை ஒட்டினேன். இதில் பெரிய பிசகு ஒன்று இருந்தது. ஒட்டிவிட்டால் ஒரு பக்கம் மறைந்துவிடும். தலை தெரிந்தால் பூ தெரியாது. அது முதல் அட்டை முடிகிற வரைக்கும் எனக்கு உறைக்கவே இல்லை. அம்மா வந்து பார்த்து, "சொவத்துல வறட்டி தட்டுனாப்பல இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஐப்பசி மழையில் பசை ஊறிச் செப்புக் காசெல்லாம் பச்சை பூத்தது. வெந்நீரில் போட்டுப் பிரித்தெடுத்து, துடைத்து, கல்லாவிலேயே போட்டேன்.

இரண்டாவது முறை சோப்புப் பெட்டி அட்டையில் காசை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, பழைய பிளேடால் வட்டம் வெட்டினேன். காசு வட்டத்துக்குள் உட்கார்ந்தது. ஆனால் அட்டையைத் தூக்கினால் விழுந்தது. அதற்குத்தான் மைக்கா. கல்யாணத்துக்குப் பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விடுகிறவர் ஸ்டேஷன் ரோட்டில் இருந்தார். அவரிடம் விளக்கைச் சுற்றி வருகிற மைக்காத் தகடு உடைந்து ஒரு தகர டப்பா நிறையக் கிடந்தது. கண்ணாடி மாதிரி தெரியும், கத்தரியால் வெட்டலாம், ஊசியால் குத்தலாம். அட்டைக்கு முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு வைத்து, சுற்றிலும் நூலால் தைத்தேன். திருப்பினால் தலையும் தெரிந்தது, பூவும் தெரிந்தது. அந்த ஒரு அட்டையைப் பத்துத் தடவையாவது திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பேன்.

ரூபாய் வரிசையில் முதலில் வெட்டிய வட்டம் அவள் கொடுத்த தாடி ராஜாவுக்குத்தான். வரிசைப்படி பார்த்தால் அது மூன்றாவதாக வர வேண்டியது. இருந்தாலும் அதைத்தான் முதலில் வெட்டினேன், முதலில் தைத்தேன்.

இந்தச் சமயத்தில் பழைய வெள்ளி ரூபாயெல்லாம் இனிச் செல்லாது, கெடுவுக்குள் கஜானாவில் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். ஊரில் பானையிலும் பரணிலும் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. அப்பாவும் தன்னிடம் இருந்ததை எடுத்து, தராசுத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்த கருங்கல் பலகையில் ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்தார். கணீர் கணீர் என்று விழுந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உன்னுது ஒண்ணு இருக்குதில்ல? கொண்டா."

"அது ஆல்பத்துல இருக்குதுப்பா."

"செல்லாமப் போனப்புறம் ஆல்பத்துல இருந்து என்ன, கெணத்துல இருந்து என்ன? சும்மா சத்தம் கேட்டுட்டுத் தர்றேன், கொண்டா."

தையலைப் பிரித்து எடுத்துக் கொடுத்தேன். அவர் சுண்டினார். கல்லில் விழுந்தது. மண் ஓடு விழுந்த சத்தம்தான் வந்தது. அவர் இன்னொரு தடவை சுண்டினார். அதே சத்தம். கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

"உங்கூட்டாளி குடுத்துட்டுப் போனதா? நல்லாத்தான் குடுத்திருக்குறா போ."

அப்பா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கடைக்காரர்கள் எல்லாரிடமும் இப்படித்தான் பேசுவார்கள். ஆனால் எனக்குள் ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டது. ஏழெட்டு மாதமாகக் கடிதம் இல்லை. இருந்தது இந்த ஒரு ரூபாய்தான். இதுவும் பொய் என்றால், அவள் தெரிந்தே கொடுத்தாளா, தெரியாமல் கொடுத்தாளா? தெரிந்தே கொடுத்திருந்தால், சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை நாளும் என்ன? காசு நல்லதுதான், கல்லுதான் சரியில்லை, கஜானாவில் காட்டினால் தெரிந்துவிடும் என்று பிடிவாதம் பிடித்தேன். அப்பாவும் அலுத்துப்போய், "சரி, வா" என்றார்.

தர்மபுரிக்குப் போகிற சின்ன ரயிலின் தண்டவாளத்தைச் சண்டைக்கென்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கரி பஸ்தான். பின்னால் அடுப்பு மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு, மேடு வந்தால் எல்லாரையும் இறக்கிவிட்டுத் தள்ளச் சொல்லும். நான் ரூபாயைக் கைக்குட்டையில் முடிந்து இறுக்கிப் பிடித்திருந்தேன். கஜானா இருக்கிற தாலுகா கச்சேரியில் வரிசை வெயிலில் வாசல்வரை நின்றது. வருகிறவர்கள் கையில் துணி முடிச்சுகள். சில ரூபாய்களுக்குக் காது வைத்திருந்தது. குழந்தைகளின் கழுத்தில் கிடந்தவை. வெள்ளியைக் கொடுத்துவிட்டுக் காகித நோட்டை வாங்கி, அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

காசு பார்க்கிறவரை ஷராப் என்று சொல்வார்கள். மேஜைமேல் ஒரு கல், ஒரு சின்னத் தராசு, நீளக் கைப்பிடி வைத்த இரும்புக் கத்தரி. அப்பாவின் முடிச்சைச் சுண்டிப் பார்த்து முடித்துவிட்டு என் கையைப் பார்த்தார். நான் நீட்டினேன். அவர் உடனே வாங்கவில்லை.

"ஏம்மா, தூரத்துல பாக்கும்போதே எனக்குப் புடிக்கல. எங்கையில வந்து கெட்டதுன்னு ஆயிட்டா வெட்டித்தான் குடுக்கணும், முழுசாக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. எடுத்துக்கிட்டுப் போறதுன்னா இப்பவே எடுத்துக்கிட்டுப் போயிடு."

அப்பா என் தோளைத் தொட்டார். "எடுத்துக்க பாப்பா, போலாம்."

எனக்கு எதையும் ஆற அமர யோசிக்க வராது. அன்றைக்கும் அப்படித்தான். "நல்ல காசுதாங்க, பாருங்க" என்று மேஜைமேல் வைத்துவிட்டேன்.

அவர் சுண்டினார். எடை போட்டார். விளிம்பை நகத்தால் தேய்த்து அப்பாவிடம் காட்டினார். வார்ப்பு அச்சு சேர்ந்த கோடு மயிரிழை மாதிரி தெரிந்தது. பிறகு கத்தரியின் வாயில் வைத்துக் கைப்பிடியை அழுத்தினார். சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. வெட்டின இடம் உள்ளே சாம்பல் நிறத்தில் இருந்தது. இரண்டு துண்டையும் என் கையில் வைத்தார்.

"கைமாறிக் கைமாறி வந்திருக்கும்மா. குடுத்தவங்களுக்கும் தெரிஞ்சிருக்காது" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த ஒரு வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டு வந்தேன். தெரிந்திருக்காது. அவளுக்கு எப்படித் தெரியும்? கல்யாண வீட்டில் யாரோ கையில் வைத்தது. அதை அப்படியே எனக்குக் கொடுத்தாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. மேடு வந்து எல்லாரும் இறங்கித் தள்ளினபோது நானும் இறங்கி நின்று இதையே சொல்லிக்கொண்டேன்.

மொரப்பூர் ஸ்டேஷன் வாசலில் கொய்யாக் கூடை வைத்திருக்கிற அக்காவிடம் அப்பா இரண்டு பழம் வாங்கினார். கைக்குட்டை அவிழ்ந்திருந்ததால் அந்த அக்கா கண்ணில் துண்டுகள் பட்டுவிட்டன.

"வெட்டிப்புட்டானுங்களா? இது அந்தக் குவார்ட்டர்ஸ் பொண்ணு ரூபாயில்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு வண்டிக்கு நிக்கும்போது பழத்துக்கு இதைத்தான் நீட்டுச்சு. படிக்கல்லு மேல போட்டுப் பாத்தேன், மண்ணாட்டம் விழுந்துச்சு. இது கள்ள ரூபா தாயி, வேணாம்னேன்."

தெரிந்திருக்கிறது. என்னிடம் கொடுப்பதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்பா வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அக்கா பழத்தைத் துடைத்தபடி பேசிக்கொண்டே போனார்.

"கோவப்படும்னு பாத்தா, சிரிக்குது. 'நல்லதாப் போச்சுக்கா. எங்கூட்டாளி டப்பாவுல இருக்குறதை எல்லாம் அவங்கப்பா எடுத்துக் கடையில போட்டுடறாரு. இதை எடுத்தாலும் செலவு பண்ண முடியாது, அவகிட்டயேதான் இருக்கும்'னு சொல்லிக்கிட்டே ஓடுச்சு. போற எடத்துலயும் இப்பிடியே சிரிச்சுக்கிட்டு இரு தாயின்னு நெனச்சுக்கிட்டேன்."

அப்பா காசைக் கொடுத்துவிட்டு நடந்தார். நான் பின்னால் போனேன். அவள் ஒரு ரூபாயில் எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறாள். நல்ல ரூபாயாக இருந்தால் தண்டோரா போட்டபோதே அப்பாவின் முடிச்சோடு கஜானாவுக்குப் போயிருக்கும். யாருக்கும் ஆகாத ஒன்றாகப் பார்த்து எனக்கு வைத்துவிட்டுப் போனாள். அப்பாவிடமிருந்து அதைக் காப்பாற்றினாள். என்னிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அதுவரைக்கும் அந்த ரூபாயை யாரும் எதுவும் செய்யவில்லை; நானேதான் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன்.

இதைச் சொல்லி அழ வேண்டும் என்றால் அவளிடம்தான் அழ வேண்டும்.

கடை திறந்த பிறகு அப்பா மடியிலிருந்து ஒரு ரூபாயை எடுத்துக் கல்லில் சுண்டினார். கணீரென்றது. கஜானாவில் கொடுக்காமல் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்.

"தாடி ராஜாதான். நல்லது. குழியில வச்சுத் தச்சுக்க."

"இது செல்லாமப் போயிடுமேப்பா."

"போவட்டும். வகைக்கு ஒண்ணுன்னு அன்னிக்கு ஒத்துக்கிட்டேனில்ல."

அதை வைத்தேன். வட்டம் சரியாக இருந்தது. ஆனால் துண்டுகளைத் தூக்கி எறிய மனம் வரவில்லை, வைக்க இடமும் இல்லை. சட்டத்தை நானே எழுதியிருக்கிறேன், அதை மீறி வைத்தால் ஆல்பம் என்ன ஆல்பம்? நோட்டை எடுத்துத் திருப்பினேன். சந்தையில் தனிப் பேர் இருந்தால் அது தனி வகை. கொய்யாக்கார அக்கா என்ன சொன்னார்? கள்ள ரூபா. அந்தச் சந்தையில் எத்தனை பேர் வாயில் அந்தப் பேரைக் கேட்டிருக்கிறேன். இந்த ராஜா காசு அந்த ராஜா காசு என்று படித்தவர்கள் பிரிப்பதைவிட, நல்ல ரூபா கள்ள ரூபா என்று எல்லாரும் பிரிக்கிறார்கள். ராணி காலத்திலிருந்து பிரிக்கிறார்கள். இதைவிடப் பெரிய வகை ஏது? எனக்கு அது மட்டும் எப்படித் தோன்றாமல் போனது?

ரூபாய் வரிசையின் கடைசியில் புதிதாக ஒரு வட்டம் வெட்டினேன். இரண்டு துண்டையும் சேர்த்து வைத்தேன். பிறகு ஒரு துண்டை மட்டும் திருப்பினேன். ஒரு பாதியில் ராஜாவின் தாடியும் கிரீடமும். மறு பாதியில் எழுத்தும் பூக்கொடியும். அட்டையைத் திருப்பாமலே தலையும் பூவும் ஒரே பக்கத்தில் தெரிந்தன. என் ஆல்பத்தில் வேறெந்தக் காசும் அப்படித் தெரியாது. மேலும் கீழும் மைக்கா வைத்துத் தைத்தேன். இதுவும் மற்றவை மாதிரி அசையாமல் நின்றது.

இது நடந்து இரண்டு வாரம் ஆகிறது. ஆல்பத்தில் இன்னும் ராணி ரூபாய் இல்லை, மொட்டை ராஜாவின் நாலணா இல்லை. அவை இனிக் கிடைக்குமா என்பதும் தெரியாது. எல்லாம் கஜானா வழியாகப் போய்விட்டன. ஆனால் என் சட்டப்படி பார்த்தால் நான் வெட்ட வேண்டிய வட்டங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. காது வைத்த ரூபாய் என்று பேர் இருக்கிறது. வழவழவென்று தேய்ந்து ராஜாவே மறைந்துபோன காலணாவுக்கு "மொழுக்கக் காசு" என்று பேர் இருக்கிறது. இதற்கெல்லாம் ஒரு தனி அட்டை போடப் போகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு கார்டு எழுத வேண்டும். அந்த வீட்டில் கார்டு எட்டுப் பேர் கண்ணிலும் பட்டுத்தான் அவள் கைக்குப் போகும். முன்பு எழுதிய மூன்றிலும் ஏன் பதில் போடவில்லை, என்னை மறந்துவிட்டாயா என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தேன். அதற்கு எட்டுப் பேர் முன்னால் அவள் என்ன பதில் எழுதுவாள்? இந்தத் தடவை யார் படித்தாலும் பாதகமில்லாத கேள்வியாகக் கேட்கப் போகிறேன். அந்தப் பக்கத்துச் சந்தையில் எந்தெந்தக் காசுக்கு என்னென்ன பேர் சொல்கிறார்கள்? மஞ்சள் ஓரணாவுக்குக் கன்னடத்தில் என்ன பேர்? ஓட்டைக் காலணாவுக்கு? யாரும் வாங்காத ரூபாய்க்கு?

கடைசிக் கேள்வி போதும், அவளுக்குப் புரிந்துவிடும்.

பதில் வந்தாலும் வராவிட்டாலும், எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று என்று சோப்புப் பெட்டி அட்டை இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஒரே வெட்டில் வட்டம் போடுவதாக இருக்கிறேன். பிளேடு மழுங்கிவிட்டது, புதிதாக ஒன்று வாங்கினால் இரண்டு அட்டையும் சேர்ந்து வெட்டுப்படுமா என்று நாளைக்குப் பார்க்க வேண்டும்.